பழைய ஒர்க்ஸ்டேஷனுக்கு இன்னும் பணம் போடலாமா?

கேள்வி: சார், தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பமும் வீடியோவும்தான் வேலை. ஒரு ஆபீஸில் கழித்த எச்பி இசட்420 செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. ஜியான் ஈ5-1620 பிராசசர், 16 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. புதுக் கேமராவின் கிளிப்பை டைம்லைனில் வைத்தால் நின்று நின்று ஓடுகிறது. ஆறு கோர் பிராசசர் போட்டால் சரியாகும் என்கிறார்கள் கடையில். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் திணறலுக்குக் கோர் எண்ணிக்கை முக்கியக் காரணம் இல்லை. இன்றைய கேமராக்கள் பல ஹெச்.265 என்ற, வீடியோவை மிகவும் சுருக்கி வைக்கும் முறையில் பதிவு செய்கின்றன. சாதாரண இன்டெல் ஐ5-ல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அந்த வீடியோவைப் பிரித்துக் கொடுத்துவிடும், உங்கள் ஜியானில் அந்தப் பகுதியே கிடையாது, எல்லாச் சுமையையும் கோர்களே சுமக்கின்றன. ஆறு கோர் போட்டால் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான்.

அதையும் மீறிப் போடுவதானால் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். மெஷினை ஆன் செய்து எஃப்10 அழுத்தி, சிஸ்டம் இன்பர்மேஷனில் பூட் பிளாக் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் பகுதி) தேதி என்ன என்று பாருங்கள். 2013 என்றால் ஈ5-1650 வி2 போன்ற இரண்டாம் தலைமுறை பிராசசர் ஏற்கும், 2011 என்றால் ஏற்காது, பயாஸை, அதாவது போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை, அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது. இது தெரியாமல் வி2 வாங்கிவிட்டு, திரை வரவில்லை என்று மதர்போர்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. இன்னொன்று, வி2-விலும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவின் புதிய பதிப்பு அதைக் கேட்கிறது. ஆக பிராசசரை மாற்றினாலும் பழைய பதிப்பிலேயேதான் வேலை பார்க்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொன்னாரா?

முதல் செலவு எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். அந்த போர்டில் சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் நொடிக்கு 6 கிகாபிட் வேகம், மற்றவை 3 கிகாபிட், அதனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அந்த இரண்டில் ஒன்றில் மாட்டச் சொல்லுங்கள். சிலர் என்விஎம்இ கார்டு (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி) போட்டுத் தருகிறேன் என்பார்கள். டேட்டா வைக்க அது நன்றாக ஓடும், ஆனால் அதிலிருந்து நேராக பூட் ஆக அந்தக் காலத்து பயாஸ் ஒத்துழைக்காது. அடுத்து ரேம். ரேமுக்கு நான்கு பாதை உள்ள (நான்கு சேனல்) போர்டு, ஒரே மாதிரி நான்கு குச்சியாகப் போட்டால்தான் முழுப் பலன். ஈசிசி அன்பஃபர்டு டிடிஆர்3 (பிழை திருத்தும், பஃபர் சிப் இல்லாத ரேம்) என்று கேட்டு வாங்குங்கள். சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதனோடு கலந்தால் மெஷின் கிளம்பாது.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டு ஒன்று இருந்தால் 4:2:0 (நிறத் தகவலைக் குறைத்து வைக்கும் வழக்கமான முறை) கிளிப் வழுக்கிக்கொண்டு போகும். நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2-வில் எடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கார்டும் கைவிடும், ராத்திரி ப்ராக்ஸி (கிளிப்பின் எடை குறைந்த நகல்) போட விட்டுவிட்டுக் காலையில் எடிட் செய்யுங்கள், காசு செலவில்லாத வழி அதுதான். இன்டெல் ஆர்க் கார்டு 4:2:2-வைப் பிரிக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அது எதிர்பார்க்கும் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்டுவது) உங்கள் போர்டில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்தப் பிராசசர் இல்லை. எடிட்டிங் மெஷினை நெட்டில் இணைக்காமல் வைத்து, மெயிலும் பேங்க் வேலையும் வேறு ஒன்றில் பாருங்கள்.

எஸ்எஸ்டி, ரேம், கார்டு. இதற்கு மேல் இந்தப் பெட்டியில் ஒரு ரூபாய் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, குளச்சலில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே டிடிபி சென்டர். பழைய எச்பி டவர். திடீரென்று ஐந்து பீப் அடித்துச் சிவப்பு விளக்கு மின்னுகிறது, திரை வருவதில்லை. வருகிற நாளில் தேதி, நேரம் எல்லாம் பழையதுக்குப் போய்விடுகிறது. உள்ளே திருகெல்லாம் துரு.

பதில்: ஐந்து பீப் என்றால் அந்த மெஷின் ரேமைக் குறை சொல்கிறது என்று அர்த்தம். ரேம் செத்திருக்க வேண்டும் என்றில்லை, உப்புக்காற்றில் அதன் தங்க முலாம் முனையில் படலம் படிந்தாலே இப்படி அடிக்கும். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, குச்சிகளைக் கழற்றுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். ரப்பர் போட்டு அழுத்தித் தேய்ப்பது நம்மூர் மெக்கானிக்குகளின் பழக்கம். நான் அதை ஆதரிக்க மாட்டேன், முலாம் போய்விட்டால் அப்புறம் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

தேதி பின்னால் போவது சிஆர்2032 பேட்டரி. 3 வோல்ட் பொத்தான் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவதற்கு முன் பயாஸ் அமைப்புகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க் பேஸ்ட் காய்ந்து தூளாகியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றுங்கள். பிளோவர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும், சுழலவிட்டால் பேரிங் போகும்.

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. அணைத்த கையோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதை விட்டுவிடுங்கள். சூடு ஆறிய பிறகு பருத்தித் துணி போதும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டி இருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறோம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனதும் ஒர்க்ஸ்டேஷன் மட்டும் அணைந்துவிடுகிறது, டிவி, ஃபேன் ஓடுகின்றன. போதாததற்கு இடி மின்னல் வேறு.

பதில்: இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். அப்படியும் அணைந்தால், உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். இந்த மாதிரி மெஷின்களின் பவர் சப்ளையில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) இருப்பதால் அது அந்த அலையோடு ஒத்துப்போகாமல் போவதுண்டு. மெஷினுக்கு மட்டும் ப்யூர் சைன் (லைன் கரண்ட் போன்ற வளைவான அலை தரும்) யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்குங்கள், அதுவும் வேலையை சேவ் செய்து முறையாக அணைக்கத்தான். 2017 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நாளுக்கு எந்த யுபிஎஸ்ஸும் பதில் சொல்லாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் பரவாயில்லை, பத்து பதினைந்து காட்டினால் எர்த் சரியில்லை, அதைச் சீர் செய்யாமல் புதுப் பவர் சப்ளை வாங்காதீர்கள், மாடலுக்கு உரியதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு, கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் பல ஒர்க்ஸ்டேஷன்களுக்கு நேராகப் பொருந்தாது. இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள், நெட் கேபிளையும் சேர்த்து. பலருக்கு மதர்போர்டு போனது அந்த கேபிள் வழியாகத்தான்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கடையில் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: அவர்கள் தரும் தொகை ஒரு புது ஹார்ட் டிஸ்க் விலைக்குக்கூடக் காணாது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டிஸ்க் போட்டு பேக்கப் மெஷினாக ஓட்டலாம். கொடுப்பதானால் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெறும் குவிக் ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் படங்களை இலவச மென்பொருளிலேயே மீட்டுவிடலாம், வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அதில்தானே கிடக்கிறது.