பெரியப்பாவிடம் குழுவில் வாதாடாதீர்கள்

வாக்கு இயந்திரமே மோசடி என்று சொல்லும் உங்கள் பெரியப்பாவுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இனி ஒரு இணைப்பும் அனுப்பாதீர்கள். தனியாகப் போன் போட்டுப் பேசுங்கள்.

பத்து இணைப்பு போட்டும் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வது, சின்னப் பிள்ளைகள் முன்னால் தோற்க மனம் வராததால்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் எந்த ஆதாரமும் எடுபடாது.

முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்: "ஓட்டுப் போட்டதும் விவிபாட் கண்ணாடியில சீட்டு 7 விநாடி தெரியுமே, பார்த்தீங்களா பெரியப்பா?" (விவிபாட் என்பது யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி.) பிறகு, 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுவதைச் சொல்லுங்கள். "அஞ்சு போதுமா?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். உச்ச நீதிமன்றம் வரை போன நியாயமான கேள்வி அது. அதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதைக் காதில் வாங்குவார்.

ஒரே பேச்சில் மாறிவிட மாட்டார். குரல் உயர்ந்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.