பாதிச் சாப்பாட்டிலேயே தாடை அசந்துபோகிறது: எதை வைத்து அளப்பது?

கோத்தகிரி பக்கத்திலிருந்து 54 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏழெட்டு மாதமாகச் சாப்பாடு பாதியில் இருக்கும்போதே இடது தாடை அசந்துவிடுகிறது, டாக்டர். காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வேறு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பல் டாக்டர், சொத்தை எதுவும் இல்லை என்றார். வர்க்கி, முறுக்கு, நாட்டுக்கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், இப்போது பரவாயில்லை. மெல்லும் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?"

'இப்போது பரவாயில்லை' என்கிறீர்களே, முதலில் அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. குறைந்தது வலியா, வலி தரும் சாப்பாடா? தாடைக் கோளாறோடு வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். விசாரித்தால், கடினமானது ஒவ்வொன்றும் தட்டிலிருந்து சத்தமில்லாமல் விலகியிருக்கும். கடைசியில் தயிர்சாதமும் இட்லியும்தான் மிஞ்சியிருக்கும்.

இதைப் பிடிப்பதற்கென்றே ஒரு கேள்வித்தாள் உண்டு. தாடையின் வேலை எவ்வளவு தடைபட்டிருக்கிறது என்று கேட்கும் 20 கேள்விகள். 8 கேள்வியோடு சுருக்க வடிவமும் இருக்கிறது. கெட்டியானதை மெல்வது, கோழிக்கறி மெல்வது, வாயை அகலத் திறந்து ஆப்பிளைக் கடிப்பது, கொட்டாவி விடுவது, பேசுவது, சிரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாதத்தை நினைத்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். தடையே இல்லை என்றால் 0. இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: முடியவில்லை என்பதாலேயே ஒன்றை அடியோடு தவிர்த்திருந்தால் அதற்கு 10 போட வேண்டும். வேறு காரணத்தால் தொடாமலிருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். சைவக்காரர் கோழிக்கறிக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. நீங்கள் தாடைக்குப் பயந்துதான் வர்க்கியை நிறுத்தினீர்கள் என்றால், அது உங்கள் கணக்கில் 10. சர்க்கரைக்குப் பயந்து நிறுத்தியிருந்தால் கணக்கிலேயே வராது.

இது நீங்களே சொல்லும் மெல்லும் திறன். உணவு வாயில் உண்மையில் எவ்வளவு நன்றாக அரைபடுகிறது என்பது தனி விஷயம். அதற்கு இரண்டு நிறச் சூயிங் கம்மை ஒன்றாக வைத்து 20 தடவை மெல்லச் சொல்வோம். பிறகு அதை அப்பளம் போலத் தட்டையாக்கி, நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்போம். கோடுகோடாகத் தனித்தனி நிறம் தெரிந்தால் அரைப்பு சரியில்லை. இந்தச் சோதனை பற்களின் கணக்கை அதிகம் காட்டும். ஒன்றோடொன்று பொருந்திக் கடிக்கும் கடைவாய்ப் பல் ஜோடிகள் குறைந்தால் கலவையும் குறையும். உங்களுக்குக் கடைவாய்ப் பல் ஏதாவது பிடுங்கியிருக்கிறதா என்று எழுதவில்லை. டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பல்வரிசை முழுதாக உள்ளவர் கம்மை அழகாகக் கலந்து கொடுத்துவிட்டு, 'ஆனால் தாடை விட்டுப்போச்சு டாக்டர்' என்று சொல்வது உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. 20 கடியில் சோர்வு தெரியாது.

சோர்வுக்கு நேரம்தான் அளவுகோல். கம்மைச் சில நிமிடங்கள் தொடர்ந்து மெல்லவைத்து, தொடங்கும் முன் எவ்வளவு சோர்வு, எத்தனாவது நிமிடத்தில் ஏறியது, நிறுத்தியதும் எவ்வளவு, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று 0–10 கணக்கில் கேட்போம். வலியையும் சோர்வையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கெட்டியானதை நெடுநேரம் மென்றால் யாருக்கும் கன்னம் கனக்கும். சற்று ஓய்ந்தால் சரியாகிவிடும். கோளாறு உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் தொடங்கும், இறங்க மறுக்கும். என் அனுபவத்தில், உச்ச மதிப்பெண்ணைவிட இறங்க ஆகும் நேரம்தான் அதிகம் பேசும்.

கடும் வலி இல்லாத பட்சத்தில் வீட்டிலேயே ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வர்க்கியோடு தொடங்க வேண்டாம். (டீயில் முக்கிச் சாப்பிடும் வர்க்கி சோதனையே ஆகாது, அது வழுக்கிக்கொண்டு போய்விடும்.) தினமும் ஒரே வேளையில் இரண்டு சப்பாத்தி, ஒரே மாவு, ஒரே கனம். எந்தத் துண்டில் சோர்வு தொடங்கியது, எந்தப் பக்கம் மென்றீர்கள், அரைமணி கழித்து எப்படி, மறுநாள் எழுந்ததும் எப்படி என்று எழுதுங்கள். வலி கூடினால் பாதியில் நிறுத்திவிடுங்கள். நிறுத்திய இடமும் ஒரு அளவுதான். காலையிலேயே தாடை இறுகியிருந்தால் இரவில் பல்லை நறநறக்கிறீர்களோ என்று பார்க்க வேண்டும். மாலையாக ஆகக் கூடினால் பகலில் பல்லைக் கிட்டிக்கும் பழக்கத்தைச் சந்தேகிப்பேன். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் குளிருக்குப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடப்பது உங்கள் பக்கம் சகஜம். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

டாக்டர் அறையில் என்ன நடக்கும்? முன்பற்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து, வலியில்லாமல் எவ்வளவு திறக்கிறது, வலியோடு எவ்வளவு என்று அளப்பார்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலோருக்குப் போதும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பார்ப்பது வீட்டுக் கணக்கு. கன்னத்துத் தசையையும் நெற்றிப்பொட்டையும் ஒரு கிலோ அளவு அழுத்தத்தில் அழுத்தி, 'வலிக்கிறதா' என்பதோடு நிறுத்தாமல் 'நீங்கள் சொன்ன அதே வலியா' என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பஞ்சு உருளையைக் கடைவாயில் கடிக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ஒரு பக்கம் கடித்தால் எதிர்ப்பக்க மூட்டில்தான் பாரம் கூடும். வலது பக்கம் கடிக்கும்போது இடது காதருகே வலித்தால் மூட்டையும், கடித்த பக்கமே கன்னத்தில் வலித்தால் தசையையும் முதலில் சந்தேகிப்போம். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டோம்.

இதற்கெல்லாம் முன்பு, உங்கள் வயதுக்கு நான் கேட்டே தீர வேண்டியவை சில. மெல்லும்போது வலி, நிறுத்தியதும் விடுதலை, கூடவே புதுத் தலைவலி, தலை சீவும்போது நெற்றிப்பொட்டில் வலி, பார்வை மங்கல் இருந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அரிதுதான். ஆனால் 50 வயதுக்கு மேல் வரும், பார்வையையே பறிக்கும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் இமை தொங்கி, எல்லாம் இரண்டாகத் தெரிந்து, மெல்லவும் விழுங்கவும் முடியாமல் போனால் நரம்பியல் மருத்துவர். சாப்பிடும்போது அல்லாமல் மேட்டில் ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் குறையாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அவசரம். பாக்குப் போடும் பழக்கம் இருந்து, வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் எரிந்தால் வாயை ஒருமுறை விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு முன்கட்டமாக மாறக்கூடிய நார்த்திசு நோயாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால் ஸ்கேனுக்காக இப்போதைக்கு மலை இறங்க வேண்டாம் என்பேன். வலியில்லாத 'டக்' சத்தத்துக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, ஆரோக்கியமான பலரின் தாடையிலும் அந்தச் சத்தம் உண்டு. சில வாரம் மிருதுவான உணவு, சின்னச் சின்ன வாய், ஈரத்துணி ஒத்தடம், கொட்டாவி விடும்போது தாடைக்கு அடியில் கை, டாக்டர் சொல்லித்தரும் பயிற்சி இவற்றைச் செய்துவிட்டு அதே சப்பாத்திக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சோர்வு தள்ளித் தொடங்கினால் கெட்டியானதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். ஆயுளுக்கும் தயிர்சாதம் என்பது சிகிச்சையல்ல. கணக்கு அசையவே இல்லை, அல்லது சத்தம் திடீரென்று நின்று வாய் திறப்பும் குறைந்துவிட்டது, அல்லது பல் கடிக்கும் விதமே மாறிவிட்டது என்றால் அப்போது ஸ்கேன் எடுக்கலாம். அந்த ஒரு வாரக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை பல்லை ராவிச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்பி வளராது.