தொடர் முந்திக்கொண்டது, நாவல் பின்னால் வருகிறது

எங்கள் மட்டக்களப்பு வாசகர் வட்டத்தில் இந்த மாதம் வந்த கேள்விகள் எல்லாம் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையையும், அதை வைத்து எடுத்த 'கேம் ஒஃப் துரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரையும் பற்றியவை. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

சேர், தொடர் எந்த இடத்தில் நாவலைத் தாண்டியது? (கல்லடி)

தம்பி, தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கியது. ஐந்தாவது நூல் வந்தது அதே வருடம் ஜூலையில். அப்போதே இடைவெளி அவ்வளவுதான். 2016இல் ஆறாவது பருவம் வந்தபோது ஆறாவது நூல் இல்லை. அங்கிருந்து பெரும்பாலும் தொடர்காரரின் சொந்தப் பாதை. 2019இல் தொடரே முடிந்தது, நூல் அப்போதும் வரவில்லை.

மார்ட்டின் சோம்பேறியா? (காத்தான்குடி)

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. முதல் மூன்று நூல்களை 1996, 1998, 2000 என்று மளமளவென்று தந்தவர். மூன்றாவதுக்குப் பிறகு கதையை ஐந்து வருடம் தாண்டிக் கொண்டுபோக நினைத்தார், சரிவரவில்லை, கைவிட்டார். தாண்டிப் போக நினைத்த காலத்தையும் எழுத வேண்டி வந்ததும் கதை பெருத்து இரண்டு நூலாகப் பிரிந்தது: 2005, 2011. விதையைப் போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரன் என்று தன்னையே சொல்லிக்கொள்பவர் அவர்.

அந்த முடிவு அவர் சொன்னதா, இவர்களாகக் கட்டியதா சேர்? (ஆரையம்பதி)

தங்கச்சி, இதுதான் நல்ல கேள்வி. தயாரிப்பாளர்கள் பெனியோஃபும் வைஸும் 2013இல் சாண்டா ஃபேயில் மார்ட்டினைச் சந்தித்து முக்கியமான முடிவுகளைக் கேட்டுக்கொண்டார்கள். ஹோடோர் என்ற பாத்திரத்தின் பெயருக்கான காரணம் அவர் சொன்னதுதான். ஆனால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிட்டு, இடையில் வரும் தருப் பாடல்களைக் கொடுக்காமல் போனால் கூத்து என்னவாகும்? ஆட்டக்காரர் விடியுமுன் மங்களம் பாடி முடித்துவிடுவார்கள்தான். அரசன் ஏன் அப்படிச் செய்தான் என்றுதான் பார்த்தவனுக்குப் புரியாது. அதோடு, நூலில் செத்து மீண்டு வரும் கேட்லின் என்ற தாயையும், பழைய அரச குடும்பமான தர்காரியன் வம்சத்து இளவரசன் என்று உரிமை கோரி வரும் இளைஞனையும் தொடரில் விட்டுவிட்டார்கள். தூண்களைக் கழற்றிய வீட்டுக்கு அதே கூரையைப் போட்டார்கள் என்பது என் கணிப்பு.

தொடரில் வரும் பயணங்களையும் பாருங்கள். முதலில் பல அத்தியாயம் பிடித்த தூரம் கடைசியில் காட்சி மாறுவதற்குள் முடிந்துவிடும். நாங்கள் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகவே ஒரு பகல் வேண்டும்!

நாவல் முடியும்வரை காத்திருந்திருக்கலாமே? (களுவாஞ்சிகுடி)

சிறுமி ஆர்யாவாக நடித்த பிள்ளை வளராமல் நிற்குமா? கார்ட்டூன் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. ஜப்பானில் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' 2003இல் தொடங்கி, படக்கதையைத் தாண்டி, தனி முடிவோடு 51 அத்தியாயத்தில் முடிந்தது. 2009இல் மூலக்கதையின்படி திரும்ப எடுத்தார்கள், 64 அத்தியாயம். அதில் மூலத்தின் முடிவே வந்தது.

ஆசிரியர் முடிக்காமல் போனால்? (ஏறாவூர்)

கல்கியின் 'அமரதாரா'வை அவர் மறைவுக்குப் பிறகு குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார். வழி இல்லாமல் இல்லை.

முடிவு தெரிந்த பிறகு நாவல் எதற்கு? (பாண்டிருப்பு)

பாண்டிருப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா, மருமகன்? பாரதப் போரில் யார் வெல்வார் என்று தெரியாமலா திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் நின்று, பாரதக் கதையோடு நடக்கும் தீமிதிப்புத் திருவிழாவான தீப்பள்ளயம் பார்க்கிறீர்கள்?

எந்தப் பருவத்தோடு நிறுத்தலாம் சேர்? (வாழைச்சேனை)

நான்காவதோடு. மறுகா நூலைக் கையில் எடுங்கள். என்னிடம் நான்கு இருக்கின்றன. முதலாவதை இரவல் கொண்டுபோனவர் இதை வாசித்தால் தயவுசெய்து திருப்பித் தரவும்.