தேக்குப் படிக்கட்டும் திங்கட்கிழமைக் கையெழுத்தும்

கேள்வி: டர்பன் கிளென்வுட் பகுதியில் 1930களில் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பர்மா தேக்குப் படிக்கட்டு, பைன் பலகைத் தரை. என் கணவர் கைப்பிடியைத் தடவியபடியே நின்றுவிட்டார். விலை 16 லட்சம் ராண்ட். முன் வராந்தாவை இடித்து இரண்டு கார் நிறுத்த இடம் செய்யலாம், பின்கட்டில் இருக்கும் தனி அறைகளை வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறோம். "புதுப்பித்தால் எங்கேயோ போகும், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள்" என்று முகவர் அவசரப்படுத்துகிறார். போடலாமா?

பதில்: திங்கட்கிழமை வேண்டாம். அந்தத் தெருக்களில் நம்மவர்கள் வீடு வாங்கத் தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் சட்டமே இடம் தராத காலம் 1991 வரை இருந்தது. அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் முகவர் நீட்டும் தாளில் நீங்கள் கையெழுத்திட்டு, விற்பவரும் ஒப்புக்கொண்டுவிட்டால் அதுவே ஒப்பந்தம். ஐந்து நாள் யோசித்து விலகும் உரிமை 2,50,000 ராண்ட் வரையிலான சொத்துக்குத்தான். உங்களுக்கு இல்லை.

முதலில் வராந்தா. 60 வயது தாண்டிய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ மாகாண மரபுவள அமைப்பின் அனுமதி வேண்டும். குவாசூலு-நட்டாலில் அது அமாஃபா. பெயர்ப்பலகை மாட்டிய நினைவுச் சின்னங்களுக்குத்தான் இந்த விதி என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, உங்கள் வீட்டுக்கும் உண்டு. பழைய வீட்டுக்கு முகமே வராந்தாதான், அதை இடிக்க எளிதில் சம்மதம் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். கார் நிறுத்த இடம் இல்லாமல் முடியாது என்றால் வேறு வீடு பாருங்கள்.

அதைவிட என்னை உறுத்துவது பின்கட்டு. நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்த அறைகள் இருக்கின்றனவா? இந்நாட்டு ஒப்பந்தங்களில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு சொல் வரும்: உள்ளது உள்ளபடி, குறைகளோடு வாங்குகிறேன் என்று பொருள். அனுமதியின்றிக் கட்டியதும் அப்படிப்பட்ட மறைந்த குறைதான் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. விற்பவர் தெரிந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் அவர் பொறுப்பு. நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள். எனவே வரைபடத்தின் நகலை விற்பவரிடமே கேளுங்கள். "எங்கேயோ இருக்கிறது" என்று பதில் வந்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி முதல், வீட்டின் குறைகளை எழுதி விற்பவர் கையெழுத்திட்ட படிவத்தையும் முகவர் உங்களிடம் காட்டியாக வேண்டும். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தொண்ணூறு வயது வீட்டில் ஓர் ஒழுகல்கூடவா இல்லை?

இனி டார்ச்சோடு போங்கள். டர்பன் ஈரக்காற்றில் உலர்மரக் கரையான் சுகமாக வாழ்கிறது. தேக்கைச் சீக்கிரம் தொடாது; பைன் பலகையும் கூரை மரமும்தான் அதற்கு விருந்து. தரையோரம் கசகசா சிந்தியதுபோல் துகள் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பூச்சிச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை, கரையோர வழக்கம்தான், ஆகவே ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கிடைக்கும். மின்சாரச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம். ஆனால் அது பாதுகாப்புக்குத்தான் சாட்சி, கம்பிகள் புதியவை என்பதற்கு அல்ல. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, நீர் வரத்து குறைகிறதா என்று பாருங்கள். சரிவில் உள்ள மனை என்றால் தாங்குசுவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் மறந்திருக்காது.

பணக் கணக்கு: 2025 ஏப்ரல் விகிதப்படி 16 லட்சத்துக்குப் பரிமாற்ற வரி 11,700 ராண்ட். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் வழக்கறிஞரை விற்பவர் தேர்ந்தெடுப்பார், கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்கள் (இந்த வழக்கம் எனக்கு இன்றும் பிடிபடவில்லை). வங்கி கடன் தருவது வீட்டின் இன்றைய மதிப்புக்கு. புதுப்பிக்கும் செலவைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

விலையில் இருபதாயிரம் குறைக்கப் போராடுவதைவிட, பொறியாளர் அறிக்கை, ஒப்புதல் பெற்ற வரைபடம், வங்கிக் கடன் ஆகிய மூன்றும் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனைகளை, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். முகவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவருக்குக் கமிஷன் தருவது விற்பவர்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் 1960களின் வீடு வாங்கினோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தம்பி ஞாயிற்றுக்கிழமை தானே கழற்றித் தருவதாகச் சொல்கிறான். சரியா?

பதில்: தம்பிக்கு அன்று சாப்பாடு மட்டும் போடுங்கள். உடையாத தகட்டால் உடனடி ஆபத்து இல்லை. அதை உடைப்பதும் துளையிடுவதும் அழுத்த நீரால் கழுவுவதும்தான் அதன் நச்சு நுண்ணிழைகளைக் காற்றில் கலக்கும். கழற்றும் வேலையைப் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரிடம் விடுங்கள், தகடுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்பதற்கு ரசீதும் கேளுங்கள்.