பத்து வயதில் தொழில்முறை கோ ஆட்டக்காரரான நகமுரா சுமிரேயின் வளர்ச்சிக்குக் காரணம் திறமையா, விளம்பரமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தில், "அப்பாவே 9 டான் ஆட்டக்காரர், வழக்கமான தகுதிப் போட்டியில் ஆடாமலேயே சேர்த்துக்கொண்டார்கள், இதில் என்ன சாதனை?" என்று ஒரு வரி இருக்கிறது (டான் என்பது ஆட்டக்காரரின் தரநிலை, 9 டான் அதில் உச்சம்). அந்த வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. உங்கள் வீட்டிலும் சதுரங்கமோ வேறு ஏதாவது விளையாட்டோ பழகும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய இடம் வேறு யாருக்கோ போயிருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். கேள்வியில் இருக்கும் சூடு அப்படி நினைக்க வைக்கிறது. ஊகம் பொய்யானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில்முறை ஆட்டக்காரி அல்லள். கணவருடைய வேலையின் பொருட்டு ஒசாகாவில் குடியிருந்த காலத்தில் பொழுதுபோக்காகக் கோ கற்றுக்கொண்டவள், இன்றும் சுமாராகத்தான் ஆடுகிறேன். ஜப்பானில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர்களெல்லாம் எல்லாம் தெரிந்தவர்கள்போல எழுதுகிறார்கள் என்று கருத்துப் பகுதியில் சிலர் வருவார்கள், வரட்டும். ஆட்ட நுட்பத்தைப் பற்றி நான் தீர்ப்பு எதுவும் சொல்லப் போவதில்லை.

கோ தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. நெடுக்கில் 19, குறுக்கில் 19 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. எதிராளி நான்கு புறமும் அடைத்துவிட்டால் மட்டும் பலகையை விட்டு வெளியேறும். யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவர் வென்றவர். நடுவர்கள் மதிப்பெண் போடும் விளையாட்டு அன்று இது. எத்தனை கேமராக்கள் சூழ்ந்து நின்றாலும், யார் மகளாக இருந்தாலும், முடிவில் இடத்தை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இனி அவர் சேர்க்கப்பட்ட விதம். 2009 மார்ச் 2 அன்று பிறந்த சுமிரே, 2019 ஏப்ரல் 1 அன்று நிஹோன் கீயின் என்னும் ஜப்பானிய கோ சங்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதற்கு முன் அந்தச் சங்கத்தில் மிக இளம் வயதில் சேர்ந்தவர் என்ற பெயர், 2010இல் 11 வயது 6 மாதத்தில் சேர்ந்த புஜிசாவா ரினாவிடம் இருந்தது. சுமிரே பயிற்சி மாணவர்களின் போட்டிகளில் போராடி உள்ளே வரவில்லை என்பது உண்மைதான். சீனாவையும் கொரியாவையும் எதிர்த்து உலக மேடையில் வெல்லக்கூடியவர்களைச் சிறு வயதிலேயே கண்டெடுக்க வேண்டும் என்று சங்கம் புதிதாக ஒரு சிறப்புச் சேர்க்கைத் திட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதலில் எடுக்கப்பட்டவர் இவர். தந்தை நகமுரா ஷின்யா 9 டான் ஆட்டக்காரர் என்பதும் உண்மை. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிள்ளைகள் ஜப்பானில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புஜிசாவா ரினாவின் தந்தையும் ஆட்டக்காரர், தாத்தா புஜிசாவா ஷூகோ பெரும் புகழ் பெற்றவர். பரம்பரை வீட்டில் பலகையைக் கொண்டுவந்து வைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் காயைப் பிடித்துத் தராது.

இப்படி ஒரு திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் தலைமையிடமாக இருந்த ஜப்பான், 1990களுக்குப் பிறகு கொரியாவிடமும் பின்னர் சீனாவிடமும் அந்த இடத்தை இழந்தது. 2005இல் சோ ஊ எல்ஜி கோப்பையை வென்றதற்குப் பின், 2024இல் இச்சிரிகி ரியோ இங் கோப்பையை வெல்லும்வரை, ஆண் பெண் வேறுபாடின்றி ஆடப்படும் பெரிய தனிநபர் உலகப் பட்டம் எதுவும் அந்த நாட்டுக்குக் கிடைக்கவில்லை. இந்த நிலையில் பத்து வயதுச் சிறுமியைச் செய்தியாளர்கள் முன் நிறுத்தியதில் விளம்பர நோக்கம் அறவே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். சங்கத்துக்கு விளம்பரம் தேவைப்பட்டது. அந்தச் சிறுமிக்கு வலுவான எதிராளிகள் தேவைப்பட்டார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் கேள்வியில் "அல்லது" வந்து விழுகிறது.

எங்கள் குடியிருப்புக்கு அருகில், ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய கட்டடத்தின் மாடியில், ஒரு கோகைஷோ இருந்தது. கட்டணம் செலுத்திவிட்டு நாள் முழுவதும் உட்கார்ந்து ஆடக்கூடிய கூடம். வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆண்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் உள்ளே நுழைந்ததும் யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் பெரிதாக வரவேற்கவும் இல்லை. ஒருவர் எழுந்து வந்து, எனக்குச் சலுகையாகப் பலகையில் ஒன்பது கறுப்புக் காய்களை வரிசையாக வைத்துவிட்டு, ஆடலாம் என்று தலையசைத்தார். அவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆட்டம் முடிந்ததும் அவர் இடத்தை எண்ணும் அழகை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்: பிடித்த காய்களை எதிராளியின் இடத்திலேயே இட்டு நிரப்பி, எல்லைகள் மாறாமல் காய்களை இரண்டு விரல்களால் தள்ளித் தள்ளி, கோணல்மாணலாகக் கிடந்த வெற்றிடங்களைப் பத்துப் பத்துப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக ஆக்கிவிடுவார். பிறகு ஒரே பார்வையில் கணக்கு தெரிந்துவிடும். நான் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றேன் என்பதை வாயால் சொல்லவே மாட்டார்.

சுமிரே சேர்க்கப்பட்ட செய்தி வந்தபோது அந்தக் கூடத்தில் அதிகம் முணுமுணுத்தவரும் அவர்தான். "விளம்பரப் பலகைக் குழந்தை" என்றார். ஒவ்வோர் ஆண்டும் தகுதிப் போட்டிகளில் ஆடித் தோற்று, வயது கடந்து, கனவை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி திட்டத்தை வகுத்தவர்களிடம் கேட்க வேண்டியது. அதைச் சுமந்துகொண்டு ஆட வேண்டியவளாக இருந்ததோ தொடக்கப் பள்ளிச் சிறுமி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்பீர்கள். பள்ளி நாட்களில் நான் சதுரங்கம் ஆடினேன். மாவட்டப் போட்டியில் வென்று மாநிலப் போட்டிக்குத் தேர்வானபோது, எங்கள் பள்ளியில் உடற்கல்வி கற்பித்தவர், பெண்கள் பிரிவில் ஆள் சேரவில்லை, அதனால்தான் இவளுக்கு இடம் என்று ஆசிரியர் அறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதே ஆண்டு பள்ளிக்குள் நடந்த போட்டியில் பையன்களையும் தோற்கடித்துத்தான் அணிக்குள் வந்திருந்தேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போட்டிக்குப் போய்வந்த நாட்களுக்கு வருகைப் பதிவுகூடத் தரவில்லை. கிரிக்கெட் அணிக்கு மட்டும் தந்தார்கள் என்பது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை ஒரு வாசலைத் தாண்டிவிட்டால், பிறகு அவள் என்ன ஆடினாலும் பேச்சு அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதை அப்போது பார்த்தேன். உங்கள் கேள்வியும் 2019இலேயே நின்றுகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 22 அன்று ஒசாகாவில் நடந்த முதல் ஆட்டத்தில், அதே ஆண்டு தொழில்முறைக்கு வந்த ஓமோரி ரானிடம் சுமிரே தோற்றார். செய்தியாளர்கள் குவிந்திருந்த நாள் அது. கூடத்துப் பெரியவருக்கு அன்று நல்ல மனநிலை. அதே ஆண்டு ஜூலையில், அறுபதைக் கடந்த 4 டான் ஆட்டக்காரர் தனாகா சியெகோவை வென்றது சுமிரேயின் முதல் வெற்றி. பத்து வயதுக்காரர் ஒருவர் அனுபவசாலியைத் தோற்கடித்ததை யாரும் பெரிய அதிசயமாகப் பேச வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்தும். எனக்குப் பெரிதாகப்பட்டது அடுத்த சில ஆண்டுகளின் சீரான ஏற்றம். 2022இல் பெண்கள் மெய்ஜின் பட்டத்துக்கு புஜிசாவா ரினாவை எதிர்த்து ஆடும் உரிமையை 13 வயதில் பெற்றார். இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். பட்டப் போட்டி வரை வருவதற்கே வரிசையாக வென்றாக வேண்டும். விளம்பரத்துக்காக எதிராளிகள் வழிவிடுவதில்லை.

அடுத்து வந்தது பெண்கள் கிசெய் பட்டம். அதை வைத்திருந்தவர் உயெனோ அசாமி. எதிராளியின் பெரிய காய்க்கூட்டங்களை அடித்து வீழ்த்தும் ஆட்டத்தால் ரசிகர்கள் அவருக்கு "சுத்தியல்" என்று பெயர் வைத்திருந்தார்கள். 2021இல், ஜப்பானில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் என்எச்கே கோப்பையின் இறுதிப் போட்டி வரை வந்து இச்சிரிகி ரியோவிடம் மட்டும் தோற்றவர், அந்தக் கோப்பையின் இறுதிக்கு வந்த முதல் பெண். அப்படிப்பட்டவரை 2023 பிப்ரவரி 6 அன்று 2-1 என்ற கணக்கில் சுமிரே வென்றார். வயது 13 ஆண்டு 11 மாதம். 2014இல் 15 வயது 9 மாதத்தில் பட்டம் வென்று புஜிசாவா ரினா ஏற்படுத்திய சாதனை அன்றோடு முடிந்தது.

எங்கள் பெரியவர் அந்த மூன்றாவது ஆட்டத்தின் நகர்வுக் குறிப்பை அச்செடுத்துக் கொண்டுவந்து, எண் வரிசைப்படி ஒவ்வொரு காயாகப் பலகையில் வைத்துப் பார்த்தார். நடுநடுவே நிறுத்தி, உயெனோ இங்கே ஏன் இப்படி வைத்தார் என்று பலகையோடு சண்டை பிடித்தார். விளம்பரப் பலகை என்ற சொல் அவர் வாயில் அதன்பின் வரவில்லை. புதிய முணுமுணுப்பு ஒன்று வந்தது: "இனி இந்தப் பெண் இங்கே இருக்காது, பாருங்கள்."

அவர் சொன்னது பலித்தது. பட்டத்தைக் கையில் வைத்திருந்தபோதே, 2023இல், கொரிய பாதுக் (கோ ஆட்டத்தின் கொரியப் பெயர்) சங்கத்துக்கு மாற விரும்புவதாகச் சுமிரே அறிவித்தார். 2024 மார்ச் முதல், தம் 15ஆம் வயதில், அங்கே விருந்தினர் நிலையில் ஆடத் தொடங்கினார். போவதற்கு முன் நடந்த பெண்கள் கிசெய் போட்டியில் உயெனோ அசாமி பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றம் என்றால் நேர்க்கோடு அன்று. வளர்த்துவிட்டோம், போய்விட்டாள் என்ற தொனியில் அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவே இல்லை. தொடக்கப் பள்ளி வயதிலேயே சியோல் சென்று ஹான் ஜோங்ஜின் நடத்தும் பயிற்சிக்கூடத்தில் பழகியவர் அவர். கொரிய மொழி சரளமாகப் பேசுபவர். உலகத்தோடு மோதத் தயார்படுத்துகிறோம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். உலகின் வலுவான ஆட்டக்காரர்கள் இருக்கும் ஊருக்கே அவர் கிளம்பினார். விளம்பரத்தால் மட்டும் வாழும் பிள்ளையாக இருந்தால், ஊரே கொண்டாடும் இடத்தை விட்டு, வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு எதற்காகப் போக வேண்டும்? உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரான பதில் இந்த இடமாற்றம்தான். 2019இல் நடந்ததைப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். 2023இல் நடந்தது அவருடைய விருப்பம்.

இவையெல்லாம் பெண்களுக்கு மட்டுமான பட்டங்கள்தானே என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். பெண்கள் பட்டமும் திறந்த போட்டிப் பட்டமும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. திறந்த போட்டிகளில் பெண்கள் வென்ற கதைகளும் இருக்கின்றன: சீனாவில் பிறந்த ருய் நைவெய் 2000இல் சோ ஹுன்ஹியூனைத் தோற்கடித்துக் கொரியாவின் குக்சூ பட்டத்தைப் பெற்றார், கொரியாவின் சோய் ஜோங் 2022 சாம்சங் கோப்பையின் அரையிறுதியில் பியுன் சங்இல்லை வென்று, பெரிய உலகப் போட்டியொன்றின் இறுதிக்கு வந்த முதல் பெண்ணானார். இறுதியில் ஷின் ஜின்சோவிடம் 2-0 என்று தோற்றார். அந்தக் காலத்தில் ஷின்னிடம் தோற்காதவர்கள் குறைவு. சுமிரே தேடிப் போனது இதே சோய் ஜோங்கும், தம்மைவிடச் சுமார் இரண்டு வயது மட்டுமே மூத்த கிம் உன்ஜியும் ஆடும் களத்தைத்தான். அவர்களை முந்தாமல் அங்கே முதலிடம் கிடையாது.

திட்டம் வகுத்தவர்கள் எதிர்பார்த்த உலகப் பட்டத்தைச் சுமிரே வெல்வார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களையும் நம்ப மாட்டேன். சோய் ஜோங் அந்த இறுதிப் போட்டியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 26. சுமிரே அந்த வயதை எட்டுவது 2035இல்.