வேலைக்கு முன்னால் பஸ் ஏறத் தெரியணும்

என் மகனுக்கு 17 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. சேலம் செவ்வாய்பேட்டையில் அண்ணனின் கொலுசுப் பட்டறையில் விடலாமா? (அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய்)

18 முடியட்டும் அம்மா. அதுவரை பள்ளி ஆசிரியரோடு போய்ப் பழகட்டும். பற்றவைப்பு, ஆசிட் பக்கம் மட்டும் வேண்டாம். எண்ணிப் பொட்டலம் கட்டுவது அவனுக்குச் சரிப்படலாம். ஓர் அட்டையில் 12 வட்டம் வரையுங்கள். வட்டத்துக்கு ஒரு ஜோடி. எல்லாம் நிறைந்தால் ஒரு டஜன். எண்ணத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்துவிடும்.

கஷ்டம் அங்கே இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன் வேலையில் படுசுத்தம். ஆனால் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் நாலாம் நாளே நின்றுவிட்டான். அதைச் சொல்லித்தராதது என் தப்பு. ஆகவே கேட்கப் பழக்குங்கள், அப்புறம் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் கூட வருபவருக்கும் 2021 முதல் பயணம் இலவசம். முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள், அடுத்த வாரம் நாலு சீட் தள்ளி. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் தாண்டி இறங்குங்கள். அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

பிளஸ் டூ முடித்த என் தங்கைக்குக் காது கேட்காது. எஸ்டேட்டில் காபிக்கொட்டை பொறுக்கும் வேலை வாங்கித் தரலாமா? (ஏற்காடு)

அவளைக் கேட்டீர்களா? காது கேட்காது என்றதும் பொறுக்குவேலை, தையல் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பில் போடும் கணினி வேலை பிடித்திருக்கலாம். கொட்டைதான் வேண்டும் என்றால், கறுப்பு, உடைசல், நல்லது மூன்றையும் ஓர் அட்டையில் ஒட்டி அவள் முன்னால் வையுங்கள். பேச்சே தேவைப்படாது.

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இருந்தால் வேலை நிச்சயமா?

இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. தனியாரில் கட்டாயம் கிடையாது. ஆனாலும் கார்டு வாங்கிவிடுங்கள்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? (ஓர் ஆசிரியர்)

"பாவம் சார்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பையனைக் கூட்டிப்போய் அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்றால் சரி, அந்த வாரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பணம் அப்பாவிடம் போக வேண்டாம், பையன் கையில் வரட்டும்.