ஷனேல் நம்பர் 5 பாட்டில் நூறு வருடம் கழித்தும் ஏன் பழசாகத் தெரியவில்லை?

ஒரு பொருளைப் பார்த்ததும் அது எந்தக் காலத்தது என்று சொல்ல முடியவில்லை என்றால், அதைத்தான் காலம் கடந்த வடிவமைப்பு என்கிறோம். ஷனேல் நம்பர் 5 என்ற பிரெஞ்சு சென்ட்டின் பாட்டில் அதற்கு மிக நல்ல உதாரணம்.

1921இல் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் பாரிஸில் இந்த சென்ட்டை வெளியிட்டபோது, விலை உயர்ந்த சென்ட் பாட்டில்கள் பலவும் பூவேலைப்பாடும் வளைவும் நெளிவுமாக இருந்தன. அவரோ வேலைப்பாடு இல்லாத தெளிந்த கண்ணாடி, வெள்ளை லேபிளில் கறுப்பு எழுத்து, அவ்வளவு போதும் என்றார். அதனால் உள்ளே இருக்கும் பொன்னிறத் திரவம்தான் முதலில் கண்ணில் படுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த துணிச்சல் அதுதான்.

சரி, இது ஏன் நிலைத்தது? எந்தப் பொருளிலும் முதலில் பழசாவது அலங்காரம். பட்டுப்புடவையின் பார்டரைப் பார்த்தே அது எந்தக் காலத்துப் புடவை என்று அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள்; வெறும் வெள்ளை வேட்டியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் பலர் நினைப்பதுபோல் இந்தப் பாட்டில் 1921இலிருந்து மாறாமல் இருக்கவில்லை: முதல் பாட்டிலின் தோள்கள் வளைவானவை, கண்ணாடி மெல்லியது, வெளியூர் அனுப்பும்போது உடையாமலிருக்க 1924இல் கண்ணாடியைத் தடிப்பாக்கி முனைகளைப் பட்டை தீட்டினார்கள், அப்புறம் மூடியும் பலமுறை மாறியது.